ஊரார் உடைமையான பொதுமனை

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் அங்கத்தினர்களின் மனக்கண் முன் சில காட்சிகள் தோன்றும். நூல் கட்டுகள் அடுக்கிய கிடங்கு. பாவு விரிந்த நெசவாளர் தெரு. உரத்துக்கும் விதைக்கும் வந்து காத்திருக்கும் விவசாயிகள். மாதம் ஒரு முறை கூடும் நிர்வாக சபை. கூட்டுறவு இயக்கத்தின் தாயகங்களுள் ஒன்றாகிய இங்கிலாந்தில் அண்மைக் காலத்தில் இவற்றோடு மற்றொரு காட்சியும் சேர்ந்திருக்கிறது. தெருமுனையில் தலைமுறை தலைமுறையாக நின்றுவரும் மதுமனை ஒன்று மூடப்படும் தறுவாயில், அத்தெருவாரே பங்கு சேர்த்து அதை விலைக்கு வாங்கி, சங்கமாகப் பதிவு செய்து நடத்தி வருகின்றனர்.

"மதுமனையா? அதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவானேன்?" என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களுடைய ஐயம் நியாயமானதே. குடியால் சீரழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். வாரக் கூலி வீடு வந்து சேராமல் வழியிலேயே கரைந்துபோவதையும் கண்டிருக்கிறோம். மதுவைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. விற்கும் பண்டம் எதுவாயினும் ஆகுக. அதை விற்கும் இடம் யாருக்குச் சொந்தம், அதன் கணக்கை யார் பார்க்கிறார்கள், அங்கே உழைப்பவருடைய நிலை என்ன என்னும் மூன்று கேள்விகளைக் கூட்டுறவாளன் எங்கும் கேட்கலாம். அக்கேள்விகளுக்கு லண்டன் மாநகரின் ஒரு பேட்டையில் கிடைத்துள்ள விடைகள், தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நமக்கும் பயன்படும்.

பப் என்பது யாது?

"பப்ளிக் ஹவுஸ்" என்னும் தொடரின் குறுக்கமே "பப்" என்பது. பொதுமனை என்பது அதன் நேர்ப்பொருள். குடிப்பதற்கென்றே நுழைந்து, குடித்துவிட்டு வெளியேறும் கடையாக மட்டும் அதைக் கருதினால் அந்நாட்டு வாழ்க்கையின் ஒரு பகுதி நமக்கு விளங்காது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே அங்கே இருட்டிவிடும். மழையோ கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆலமரத்தடியும், கோயில் மண்டபமும், தேநீர்க் கடை பெஞ்சும் நமக்குச் செய்யும் உதவியை அவர்களுக்குக் கூரையும் கணப்பும் உள்ள ஓர் அறைதான் செய்யவேண்டும். ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் அங்கே பலர். உணவு அருந்த வருவோரும், தேநீரோடு நிறுத்திக்கொள்வோரும் உண்டு. துணையிழந்த முதியவர் ஒருவர் நாலு நாள் வராவிட்டால், "அவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் இருக்கும் இடம் அது. அத்தகைய இடம் மறைந்தால், மதுவை வெறுப்பவர் தெருவிலும் ஏதோ ஒன்று குறைந்துதான் போகும்.

நன்ஹெட் பேட்டையில்

வாருங்கள், அத்தகைய மனை ஒன்றுக்குச் செல்வோம். லண்டனின் தென்கிழக்கே, சதக் என்னும் நகராட்சிப் பகுதியில், பெக்கம் என்ற பெரும் பேட்டையை அடுத்து நன்ஹெட் என்ற இடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தேடிவரும் அரண்மனையோ பெரிய கோபுரமோ அங்கு இல்லை. வரிசை வரிசையாகக் குடியிருப்பு வீடுகள். அவற்றின் நடுவே "ஐவி ஹவுஸ்" என்னும் பப் நிற்கிறது.

இக்கட்டடம் 1930-களில் ட்ரூமன் என்ற பெரிய மது காய்ச்சும் கம்பெனியால் எழுப்பப்பட்டது. உள்ளே கால் வைத்தவுடன் கண்ணைக் கவர்வது சுவர்களில் பதித்த மரப்பலகை வேலைப்பாடு. பின்புறத்தில் மேடையோடு கூடிய ஒரு கூடம் இருக்கிறது. 1970-களில் இம்மனை "நியூலண்ட்ஸ் டேவர்ன்" என்ற பெயரோடு விளங்கியது. ஐயன் டூரி, எல்விஸ் காஸ்டெல்லோ முதலிய, பின்னாளில் புகழ் பெற்ற இசைவாணர்கள் அக்காலத்தில் இந்த மேடையில் பாடியிருக்கின்றனர். மனை ஊராருடையதான பிறகும் இசை மாலைகளும் கூட்டங்களும் இக்கூடத்தில் நடந்து வந்திருக்கின்றன.

இம்மனையின் மற்றொரு சிறப்பு, "ரியல் ஏல்" எனப்படும் பழமுறை பார்லி மது. மேசையின் மேல் நீண்ட கைப்பிடிகள் வரிசையாக நிற்கும். பணியாளர் கைப்பிடியைப் பற்றித் தம்பக்கம் இழுக்க, கீழே நிலவறையில் உள்ள பீப்பாயிலிருந்து பானம் கோப்பைக்கு ஏறி வரும். நம் தெருக்களில் உள்ள கைப்பம்பின் தத்துவமே அது. மின்சாரமும் வேண்டா, அழுத்தி அடைத்த வாயுவும் வேண்டா.

நிலவறையில் நடக்கும் வேலை

இந்தப் பானத்தின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வது, பின்னர் வரும் கூட்டுறவுக் கதையை விளங்கிக்கொள்ள உதவும்.

ஏல் காய்ச்சுவதற்கு வேண்டிய பொருள்கள் நான்கு: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, புளிக்கச் செய்யும் ஈஸ்ட். பார்லியை நொறுக்கிச் சுடுநீரில் ஊறவைத்தால் அதன் மாவு சர்க்கரைச் சத்தாக மாறி நீரில் இறங்கும். அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட்டைச் சேர்த்துப் புளிக்க விடுவர். இதுவரை எல்லா வகைக்கும் ஏறத்தாழ ஒரே முறைதான். வேறுபாடு இதற்கு அப்பால் வருகிறது. பெரிய ஆலைகள் பானத்தை வடிகட்டி, சூடேற்றி ஈஸ்ட்டைக் கொன்று, வாயுவை அடைத்து அனுப்பிவிடும். அது பல வாரம் கெடாமல் இருக்கும். பழமுறை ஏலோ ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் ஏற்றப்படுகிறது. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது தொடர்ந்து புளித்துக்கொண்டேயிருக்கும்.

ஆகவே அதைப் பக்குவம் செய்யும் பொறுப்பில் பாதி, காய்ச்சியவரிடமிருந்து நிலவறைக்காரரின் தலையில் வந்து விழுகிறது. அறையின் குளிர்ச்சி 11 முதல் 13 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்கவேண்டும். பீப்பாயை மரத்தாங்கியின் மேல் கிடத்தி, அசையாமல் வைக்கவேண்டும். மேல்புறத் துளையில் காற்று கசியும் மென்மரத் தக்கையைச் செருகி, மிகுதியான வாயுவை வெளியேற்றுவர். அளவு கண்டதும் அதை எடுத்துவிட்டு, வன்மரத் தக்கையால் அடைப்பர். முகப்பில் குழாயைப் பொருத்தி, மரக் கொட்டாப்புளியால் ஓங்கி ஓர் அடி அடித்து இறுக்குவர். கலங்கிய நீரில் நாம் தேற்றாங்கொட்டையை இழைப்பது போல, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்து மண்டியை அடியில் படியவைப்பது நெடுநாள் வழக்கம். இத்தனைக்கும் பிறகுதான் பானம் தெளியும்.

தெளிந்த பின்னும் கவலை தீர்வதில்லை. ஒவ்வொரு கோப்பை இறக்கும்போதும் பீப்பாய்க்குள் வெளிக்காற்று புகுகிறது. எனவே, தொடங்கிய பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்ப்பதே நன்று. அதன் பிறகு சுவை மாறிப் புளிப்பேறிவிடும். சிறிய பீப்பாய் ஒன்றின் கொள்ளளவு 9 காலன். அதாவது 72 பைண்டு. ஒரு பைண்டு அரை லிட்டருக்குச் சற்று மேல். மூன்று நாளில் 72 கோப்பை விற்கவேண்டுமானால் நாள்தோறும் தவறாமல் வருவோர் வேண்டும். என்றோ ஒரு நாள் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தை நம்பி இப்பானத்தை வைக்க முடியாது. இதை நம் அங்கத்தினர்கள் நினைவில் இருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

கொடியும் கூலியும்

விவசாய அங்கத்தினர்களுக்கென ஒரு செய்தி. ஹாப்ஸ் என்பது ஏறுகொடி. உயர்ந்த கம்பங்களின் மேல் கம்பி கட்டி, அதிலிருந்து கயிறு தொங்கவிட்டு, கொடியை ஏற்றுவர். தொலைவிலிருந்து பார்த்தால் நம் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வரும். அதன் பெண்பூங்கொத்துக்கே விலை. அது பானத்துக்குக் கசப்பையும் மணத்தையும் தருவதோடு, கெடாமல் காக்கவும் செய்கிறது. இங்கிலாந்தில் கென்ட், ஹெர்ஃபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர் ஆகியன ஹாப்ஸ் விளையும் மாவட்டங்கள். பூவை உலர்த்துவதற்கென்றே கூம்புக் கூரையோடு கட்டிய சூளை வீடுகளைக் கென்ட் மாவட்டத்தில் இன்றும் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் பூப்பறிக்க லண்டனின் கிழக்கு, தென்கிழக்குப் பேட்டைகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் தாய், பிள்ளை, பாட்டி என்று மூட்டை முடிச்சுகளோடு கென்ட் மாவட்டத்துக்குச் செல்லும். சில வாரம் குடிசையில் தங்கிப் பறித்துக் கூலி பெற்றுத் திரும்பும். பலருக்கு ஆண்டு முழுவதிலும் கிடைத்த திறந்தவெளிக் காற்று அதுவே. பறிக்கும் இயந்திரம் பரவியபின் 1960-களில் இவ்வழக்கம் மறைந்தது. தெருமுனைப் பப்பில் ஒருவர் கையில் இருந்த கோப்பைக்கும் அதே தெருப் பெண்களின் கைவிரலில் ஏறிய கருங்கறைக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருந்தது.

மனை யாருக்குச் சொந்தம்?

இனி முதல் கேள்விக்கு வருவோம். பழங்காலம் தொட்டே பெரும்பாலான பப்புகள் அவற்றை நடத்துவோருக்குச் சொந்தமானவையல்ல. காய்ச்சும் கம்பெனியே கட்டடத்தை வாங்கி, குத்தகைக்கு விடும். குத்தகைதாரர் அக்கம்பெனியின் சரக்கையே வாங்கவேண்டும். நூல் கொடுக்கும் வியாபாரியிடமே துணியைப் போட்டாகவேண்டும் என்று கட்டுண்டிருந்த நெசவாளியின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்ததன் விளைவாக, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆறு பெருங்கம்பெனிகளின் கையில் நாட்டின் பீர் வாணிபத்தில் பெரும்பங்கு சிக்கியது. வாயு அடைத்த ஆலைப் பானம் எங்கும் பரவிற்று. பழமுறை ஏல் மறையத் தொடங்கியது. 1971-ஆம் ஆண்டில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து இதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினர். "கேம்ரா" என்னும் பெயரால் விளங்கும் அவ்வியக்கம் நுகர்வோர் இயக்கங்களுள் பெயர்பெற்றது. "ரியல் ஏல்" என்ற தொடர் பரவியது அவர்களால்தான்.

அரசாங்கமும் கண் விழித்தது. 2,000-க்கு மேற்பட்ட பப்புகளை உடைய கம்பெனி, அம்மிகுதியில் பாதியைத் தன் கட்டிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. நோக்கம் நல்லதே. விளைவு வேறாயிற்று. காய்ச்சும் தொழிலே இல்லாத புதிய கம்பெனிகள் தோன்றி, ஆயிரக்கணக்கான மனைகளைக் கடன் வாங்கிக் குவித்தன. எஜமானர் மாறினார், கட்டு மாறவில்லை. புதிய எஜமானர்களுக்குப் பப் என்பது கணக்கேட்டில் ஒரு நிலமதிப்பு. பானம் விற்று வரும் வாடகையைவிட, இடித்துக் குடியிருப்பு கட்டுவோருக்கு விற்றால் வரும் தொகை பெரிதென்று தெரிந்தால் விற்றுவிட வேண்டியதுதான். மக்கள் வீட்டிலேயே குடிக்கும் பழக்கமும், பேரங்காடிகளின் மலிவு விலையும், வரியும் சேர்ந்து நெருக்கின. 2000-ஆம் ஆண்டில் 60,000 அளவில் இருந்த பப்புகள், இரண்டு தலைமுறை நாற்காலிகள் காலியாவதற்குள், 45,000 அளவுக்குச் சுருங்கிவிட்டன.

காலம் கொடுத்த சட்டம்

2012 ஏப்ரலில் ஐவி ஹவுஸுக்கும் அந்த விதி வந்தது. நடத்தியவர்களுக்குச் சில நாள் அறிவிப்பே கொடுக்கப்பட்டது. கட்டடம் மனை வணிகர் கைக்குப் போயிற்று. கதவு சாத்தப்பட்டது.

பேட்டைவாசிகள் ஒன்று கூடினர். அதே ஆண்டில் இக்கட்டடம் கலைச் சிறப்புடையதென்று பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே நினைத்தபடி இடிக்க இயலாது. அப்போது மற்றொரு புதிய சட்டமும் அவர்களுக்குத் துணையாயிற்று. 2011-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்படி, ஊராருக்குப் பயன்படும் கட்டடத்தைச் "சமுதாயப் பயனுடைய சொத்து" என்று பதிவு செய்யும்படி ஊரார் நகராட்சியைக் கேட்கலாம். பதிவானபின் உடையவர் விற்க விரும்பினால் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊராரின் குழு "எங்களுக்கு வாங்க எண்ணம் உண்டு" என்று எழுதிக் கொடுத்தால், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் வேறு எவருக்கும் விற்கக்கூடாது. 2012 அக்டோபரில் ஐவி ஹவுஸ் இவ்வாறு பதிவாயிற்று. இச்சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதலில் பதிவான சொத்து அதுதான்.

சட்டம் கொடுத்தது காலம் மட்டுமே என்பதை நாம் கருதவேண்டும். ஆறு மாதம் கழிந்தபின், ஊராருக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் உடையவருக்கு இல்லை. குறைத்த விலையும் இல்லை. அந்தக் காலத்துக்குள் பணத்தைத் திரட்டுவது ஊராரின் வேலை. அதை அவர்கள் செய்தனர். 2013 மார்ச்சில் 8 இலட்சத்து 10 ஆயிரம் பவுன் விலைக்கு மனை அவர்கள் கைக்கு வந்தது. ஆகஸ்டில் கதவு மீண்டும் திறந்தது. லண்டனில் கூட்டுறவு உடைமையான முதல் பப் என்று அது பெயர் பெற்றது.

கணக்கைப் பார்ப்போம்

தணிக்கைக்காரனுக்கு எண்களைப் பார்த்தால்தான் மனம் அமைதியுறும். பங்கு வாங்கியவர்கள் 371 பேர். சேர்ந்த பங்குத் தொகை 1,42,600 பவுன். சராசரி, ஒருவருக்கு 384 பவுன். செல்வந்தர் ஒருவர் வந்து தூக்கி நிறுத்தவில்லை என்பதை இந்தச் சராசரியே காட்டுகிறது. எத்தனைப் பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. 1844-இல் ராக்டேல் ஊரின் நெசவாளர்களும் பிறரும் சேர்ந்து வகுத்த அதே நெறி. 28 பேர் தொடங்கிய அந்தச் சங்கம் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்றது, இது ஏலும் உணவும் விற்கிறது என்பதுதான் வேறுபாடு.

ஆனால் கட்டடத்தின் விலையோடு ஒப்பிட்டால் பங்குத் தொகை ஆறில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். எஞ்சியதற்கு என்ன செய்தனர்? பழங்கட்டடப் பாதுகாப்புக்கென உள்ள நிதி ஸ்தாபனம் பெருந்தொகை கடன் கொடுத்தது. சமுதாயச் சொத்துக்கான மானியமும் கிடைத்தது. ஊராரின் பங்கு முன்னே வந்ததால் கடனும் மானியமும் பின்னே வந்தன. "அரசாங்கம் முதலில் கொடுக்கட்டும், பிறகு நாங்கள் பங்கு கட்டுகிறோம்" என்று காத்திருக்கும் சங்கங்கள் இதைச் சிந்திக்கலாம். அதே வேளையில், கடன் கடனே. நிலவறையிலிருந்து ஏறும் ஒவ்வொரு கோப்பையின் விலையிலும் அக்கடனின் ஒரு துளி கலந்திருக்கிறது. பங்கு வாங்கியவர் வீட்டில் அமர்ந்து, பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால், மூன்று நாளில் பீப்பாய் புளித்துப்போகும். மூன்று ஆண்டில் சங்கமும் புளித்துப்போகும்.

குத்தகையா, நேரடி நிர்வாகமா?

இவ்வகையில் ஐவி ஹவுஸுக்கு முன்னோடி ஒன்று உண்டு. வடமேற்கு இங்கிலாந்தில் கம்ப்ரியா மாவட்டத்து மலைகளின் அடிவாரத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் "ஓல்ட் கிரவுன்" என்னும் பப்பின் பின்புறத்துக் களஞ்சியத்தில் 1988-இல் சிறிய காய்ச்சும் தொழிற்சாலை ஒன்று தோன்றியது. அண்டைக் குன்றுகளின் பெயர்களையே அங்குக் காய்ச்சிய பானங்களுக்கு இட்டனர். 1999-இல் அத்தொழிற்சாலையை ஊராரும் ஆர்வலரும் கூட்டுறவாக வாங்கினர். 2003-இல் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து பப்பையும் வாங்கினர். பிரிட்டனில் கூட்டுறவு உடைமையான முதல் பப் என்று அதனைக் குறிப்பிடுவர்.

இரண்டுக்கும் நிர்வாக முறையில் வேறுபாடு உண்டு. ஓல்ட் கிரவுனில் கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம். கடையை நடத்துவது குத்தகைதாரர். சங்கத்துக்கு வாடகை வரும். அன்றாடத் தொல்லை இல்லை. ஐவி ஹவுஸில் சங்கமே ஆள் அமர்த்தி, சரக்கு வாங்கி, கடையையும் நடத்த முற்பட்டது. இலாபம் முழுவதும் சங்கத்துக்கு; பொறுப்பும் முழுவதும் சங்கத்துக்கு. எது மேல் என்று பொதுவிதி சொல்ல முடியாது. நேரடி நிர்வாகத்தை மேற்கொள்ளும் சங்கம் தான் ஒரு முதலாளியும் ஆகிறது என்பதை மறக்கக்கூடாது. மறந்தால் என்ன நேரும் என்பதற்கும் நன்ஹெட்டிலேயே சான்று இருக்கிறது.

சங்கம் முதலாளியாகும்போது

2018-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஐவி ஹவுஸின் பணியாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். நால்வர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதே உடனடிக் காரணம். "இத்தனை மணி வேலை தருகிறோம்" என்ற உறுதி சிறிதும் இல்லாத ஒப்பந்த முறை அந்நாட்டில் உண்டு. அழைத்தால் வரவேண்டும், அழைக்காத வாரத்தில் கூலி இல்லை. அதன்மேல் எழுந்த மனக்குறையும் உடன் சேர்ந்தது. ரொட்டி, உணவுத் தொழிலாளர் சங்கம் பணியாளருக்குத் துணை நின்றது. ஊராரே தங்கள் உடைமையான மனையின் வாசலில், அம்மனையின் பணியாளர்கள் பதாகை ஏந்தி நின்ற காட்சியைக் காண நேர்ந்தது.

பிணக்கு நீளவில்லை. நீக்கப்பட்டவர்கள் மீண்டும் வேலையில் அமர்த்தப்பட்டனர். தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. வேலை ஒப்பந்த முறையிலும் திருத்தத்துக்கு இசைவு ஏற்பட்டது.

இச்செய்தியைக் கேட்டுக் கூட்டுறவின் மேல் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு, பப் திறந்த நாளின் மகிழ்ச்சியோடு கதையை முடித்துக்கொள்வதும் நேர்மையாகாது. கம்பெனி முதலாளி பணியாளரை நினைத்தபோது விலக்கினால் ஊரார் சினம் கொள்வர். அந்த ஊராரே அங்கத்தினராக இருக்கும் சங்கம் அதைச் செய்தால் சினங்கொள்வது யார்? உடைமை பலரிடம் பரவியிருப்பதாலேயே பொறுப்பு ஒருவரிடமும் தங்காமல் போகும் அபாயம் இருக்கிறது. நிர்வாக சபை மேலாளரைக் காட்டும். மேலாளர் வரவு செலவைக் காட்டுவார். அங்கத்தினர் நிர்வாக சபையைக் காட்டுவர். நடுவே கோப்பை கழுவும் இளைஞனுக்கு அடுத்த வாரம் வேலை உண்டா என்பது தெரியாது. நம் சங்கங்களிலும் பாவு ஓட்டுவோர், சாயம் தோய்ப்போர், கிடங்கில் மூட்டை தூக்குவோர் இருக்கின்றனர். அவர்களுள் பலர் அங்கத்தினர்கள் அல்லர். ஆண்டறிக்கையில் இலாபம் எவ்வளவு என்று கேட்கும் நாம், அந்த இலாபம் யாருடைய நிச்சயமின்மையிலிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும்.

பெருகி வரும் முயற்சி

அயர்லாந்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவை வளர்த்த சர் ஹோரஸ் பிளங்கெட் என்ற பெரியாரின் பெயரால் 1919-இல் நிறுவப்பட்ட அறநிலையம் ஒன்று, இப்போது பிரிட்டனில் ஊரார் உடைமையான கடைகளுக்கும் பப்புகளுக்கும் வழிகாட்டி வருகிறது. இத்தகைய பப்புகள் 150-ஐத் தாண்டிவிட்டன. தனியார் பப்புகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மூடப்படும் நாட்டில், ஊரார் வாங்கியவை மூடப்படுவது அரிதாகவே இருக்கிறது. அதற்கு மாயம் எதுவும் இல்லை. கடைக்கு வருபவரும் கடைக்கு உடையவரும் ஒருவரே. கூரை ஒழுகினால் ஏணி கொண்டுவருபவரும் அவரே. மழை கொட்டும் செவ்வாய்க்கிழமை மாலையில் கூட்டம் குறைவாயிருக்கும் என்றறிந்து, அதற்காகவே எழுந்து வருபவரும் அவரே.

அங்கத்தினர்களே! லண்டன் பேட்டையின் பானத்தை நாம் பின்பற்றத் தேவையில்லை. அதன் நிலவறை ஒழுங்கைப் பின்பற்றலாம். நம் நெசவாளர் சங்கத்தின் வேட்டியும் சேலையும் விற்பனை நிலையத்தில் தேங்கும்போது, அங்கத்தினர் வீட்டுத் திருமணத்துக்கு ஜவுளி வேறு கடையில் எடுக்கப்படுகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். விளைபொருளைச் சங்கத்தின் மூலம் விற்பதாக ஒப்புக்கொண்டுவிட்டு, களத்துமேட்டில் வியாபாரி இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் கைமாற்றிவிடுகிறோமா என்றும் கேட்டுக்கொள்வோம். தேர்தல் நாளில் மட்டும் நிரம்பும் பொதுக்குழு, கணக்கு வாசிக்கும் நாளில் ஏன் நிரம்புவதில்லை?

வருகிற பொதுக்குழுவுக்கு அறிவிப்பு வந்ததும், வரவு செலவுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதில் பணியாளர் ஊதியம் என்ற தலைப்பைத் தேடுங்கள். அத்தொகை எத்தனை பேருக்கு, எத்தனை நாள் வேலைக்கு என்று எழுந்து நின்று கேளுங்கள். தலைவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். கேட்க நீங்கள் உரிமை பெற்றவர்கள்.